ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: பெயர்க் குழப்பம் தொடங்கி துறை ஒப்பீடு வரை

பதவி உயர்வுக் கோப்பு, நிதி விண்ணப்பம், விருதுப் பரிந்துரை என எதை எடுத்தாலும் "எச்-இன்டெக்ஸ் எவ்வளவு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. ஒருவரின் கட்டுரையைப் பிற கட்டுரைகள் சுட்டுவதே மேற்கோள்; ஆறு கட்டுரைகளாவது தலா ஆறு மேற்கோளுக்குக் குறையாமல் பெற்று, ஏழு கட்டுரைகள் தலா ஏழை எட்டாமல் இருந்தால் எச்-இன்டெக்ஸ் 6. மேற்கோள்களைத் திரட்டும் தரவுத்தளங்களைப் பார்த்தால், ஒரே ஆளுக்கு கூகுள் ஸ்காலரில் 19, ஸ்கோப்பசில் 12, வெப் ஆஃப் சயின்சில் 10 என்று வருவது சர்வ சாதாரணம். மூன்றுமே சரியான விடைதான். ஆனால் எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி, எந்தத் துறை என்று சொல்லாமல் கொடுத்தால் மூன்றுமே பயனற்றவை. உங்கள் சொந்தக் கணக்கை எடுக்கிறீர்களோ, குழுவில் உட்கார்ந்து இன்னொருவரை மதிப்பிடுகிறீர்களோ, வேலை ஒன்றுதான். கூட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் நாள் பிடிக்கும்.

முதல் வேலை: பெயர்

தமிழர்களின் மேற்கோள் கணக்கு சிதறிக் கிடப்பதற்கு முதல் காரணம் இனிஷியல். சு. முருகன் என்பவரை எடுத்துக்கொள்வோம். கல்லூரிச் சான்றிதழில் எஸ். முருகன். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்தபோது முருகன் சுப்பிரமணியன். வெளிநாட்டு ஆய்விதழின் சமர்ப்பிப்புப் படிவம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். ஆகவே அங்கே அவர் 'சுப்பிரமணியன், எம்.' ஆகிவிடுகிறார். பழைய கட்டுரைகளில் 'முருகன், எஸ்.'. இன்னொரு படிவத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'எஸ்' என்று மட்டும் தட்டியிருந்தால் 'எஸ், முருகன்' என மூன்றாவது ஆள் பிறக்கிறார். திருமணத்துக்குப் பின் அப்பாவின் இனிஷியலை விட்டுக் கணவரின் இனிஷியலுக்கு மாறிய பெண் ஆய்வாளர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. ழகரத்தை ஒரு கட்டுரையில் இசட்-எச் என்றும் அடுத்ததில் எல் என்றும் எழுதுவது, பெயருக்கு முன் போட்ட 'டாக்டர்' முதல் பெயராகப் பதிவாவது ஆகியவையும் அன்றாடம் நடப்பவை.

எனவே முதலில் ஒரு தாளில் அந்த ஆய்வாளர் பெயரின் எல்லா வடிவங்களையும், பணியாற்றிய எல்லா நிறுவனங்களையும் ஆண்டுவாரியாக எழுதுங்கள். பிறகு ஆர்கிட் எண் எடுங்கள், ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண் அது. இலவசம், 2012 முதல் இயங்குகிறது. நாலு நாலாகப் பிரித்த 16 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது என்பதால் சிலருக்கு அங்கே எக்ஸ் என்ற எழுத்து வரும், அது பிழையல்ல. ஆர்கிட் பக்கத்தில் 'வேறு பெயர்கள்' என்ற கட்டம் இருக்கிறது. தாளில் எழுதிய அத்தனை வடிவங்களையும், தமிழ் எழுத்தில் உள்ள பெயர் உட்பட, அதில் போட்டுவிடுங்கள். இனி வெளியிடும் கட்டுரைகளுக்கு ஒரே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். இனிஷியலை விரித்து எழுதுவதே நல்லது: 'முருகன், எஸ்.' என்ற பெயரில் எழுதுபவர்கள் ஏராளம், அத்தனை பேரையும் கணினி ஒருவராகக் கலந்துவிடக்கூடும்.

நான்கு இடங்களில் திரட்டுதல்

கூகுள் ஸ்காலரில் சுயவிவரம் தொடங்கும்போது நிறுவன மின்னஞ்சலால் உறுதிப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் தேடலில் வராது. அடுத்து கவனிக்க வேண்டியது அமைப்பு. புதிய கட்டுரைகளைத் தானே சேர்த்துக்கொள்ள விடாமல், 'என்னிடம் கேட்டுச் சேர்' என்ற தேர்வை வையுங்கள். இதைச் செய்யாதவர்களின் பக்கத்தில் அதே பெயருள்ள வேறு யாரோ ஒருவரின் கட்டுரைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேதியியல் பேராசிரியர் பக்கத்தில் கால்நடை மருத்துவக் கட்டுரையைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரே கட்டுரை இரண்டு பதிவாக இருந்தால் இரண்டையும் டிக் செய்து ஒன்றிணையுங்கள். மேற்கோள் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் விழிப்பாகுங்கள்: அந்த எண்ணில் வேறொரு கட்டுரைக்கான மேற்கோளும் சேர்ந்திருக்கலாம் என்று கூகுளே சொல்கிறது.

சுயவிவரத்திலிருந்து பட்டியலை எக்செலுக்கு இறக்கலாம். ஆனால் அந்தக் கோப்பில் மேற்கோள் எண்ணிக்கை வராது. தலைப்பு, இதழ், ஆண்டு போன்றவை மட்டுமே வரும். எண்ணிக்கையும் வேண்டுமென்றால் ஆன்-வில் ஹார்சிங் உருவாக்கிய 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி அதன் வழியாக எடுங்கள். அடுத்தடுத்து நிறையத் தேடினால் கூகுள் உங்களை ரோபோ என்று நினைத்துக் கொஞ்ச நேரம் தடுத்துவிடும். அவசரப்படாமல் இடைவெளி விட்டுச் செய்யுங்கள்.

ஸ்கோப்பசுக்குக் கல்லூரியில் சந்தா இல்லையென்றாலும், அதன் இலவச முன்னோட்டப் பக்கத்தில் ஆசிரியர் பெயரைத் தேடி எச்-இன்டெக்சையும் கட்டுரை எண்ணிக்கையையும் பார்க்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று ஐடி இருந்தால் 'ஆதர் ஃபீட்பேக்' படிவம் வழியாக இணைக்கச் சொல்லலாம். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள், திருத்தம் உடனே நடக்காது. 1970-க்கு முந்தைய கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் ஸ்கோப்பசில் பெரும்பாலும் இல்லை என்பதால் மூத்த அறிஞர்களின் எண் இங்கே குறைத்தே காட்டும்.

வெப் ஆஃப் சயின்சில் ஒரு நுணுக்கம். உங்கள் பல்கலைக்கழகம் எந்தெந்தப் பிரிவுகளுக்கும் எந்த ஆண்டு முதலும் சந்தா கட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து எண் மாறும். ஒரே நாளில் இரண்டு வளாகங்களிலிருந்து தேடிய இருவர் வெவ்வேறு எச்-இன்டெக்ஸ் சொன்னால் சண்டை போட வேண்டாம், சந்தாவைப் பாருங்கள்.

நான்காவது, ஓபன்அலெக்ஸ். மைக்ரோசாஃப்ட் அகாடமிக் 2021 இறுதியில் மூடப்பட்டதும் 2022-இல் அந்த இடத்துக்கு வந்த திறந்த தரவுத்தளம் இது. தரவு இலவசம், யாரும் இறக்கிப் பயன்படுத்தலாம். சந்தா இல்லாத கல்லூரியில் துறை ஒப்பீடு செய்ய வேண்டுமென்றால் இதை விட்டால் ஏறக்குறைய வேறு வழியில்லை. பெயர்களைப் பிரிப்பதில் மட்டும் தடுமாறும். தமிழ்ப் பெயர்களில் இன்னும் அதிகம்.

ஏன் நான்கு? 252 துறைகளில் சுமார் 24 லட்சம் மேற்கோள்களை எடுத்து 2018-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டில், எல்லாத் தளங்களிலுமாகக் கிடைத்த மேற்கோள்களில் கூகுள் ஸ்காலர் 93 முதல் 96 சதவீதம் வரை பிடித்தது. ஸ்கோப்பஸ், துறையைப் பொறுத்து 35 முதல் 77. வெப் ஆஃப் சயின்ஸ் 27 முதல் 73. கீழ்முனையில் இருப்பவை கலைப்புலங்கள், இலக்கியம், சமூக அறிவியல். அதனால் கூகுள் ஸ்காலரே போதும் என்று ஆகிவிடாது. 2010-இல் சிரில் லாபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், கணினியால் உளறலாக எழுதிய சுமார் நூறு கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்ட வைத்து இணையத்தில் போட்டு, ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத ஆளுக்கு 94 என்ற எச்-இன்டெக்ஸ் வாங்கிக் கொடுத்தார். கூகுள் அகலமாக வலை வீசும், கழிவும் சேர்ந்தே வரும்.

சுத்தம் செய்தல்

நான்கு பட்டியலையும் ஒரே எக்செல் தாளில் போடுங்கள். நெடுவரிசைகள்: டிஓஐ (கட்டுரைக்கான நிலையான இணைய அடையாள எண்), தலைப்பு, ஆண்டு, வகை, ஆசிரியர் எண்ணிக்கை, இவர் எத்தனையாவது ஆசிரியர், தொடர்பு ஆசிரியரா (கட்டுரை குறித்து இதழோடு தொடர்பு கொள்பவர்), நான்கு தளங்களின் மேற்கோள் எண்கள் தனித்தனியாக, எடுத்த தேதி.

டிஓஐ-யை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்கும்போது, முன்னால் வரும் இணைய முகவரிப் பகுதியை வெட்டிவிட்டு எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்கிக்கொள்ளுங்கள். டிஓஐ-யில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் கிடையாது, எக்செலின் சில கருவிகளுக்கு உண்டு. டிஓஐ இல்லாதவற்றுக்குத் தலைப்பின் முதல் 40 எழுத்துகளை ஒப்பிட்டால் பெரும்பாலானவை சிக்கும். அச்சுக்கு முந்தைய வடிவமும் வெளியான வடிவமும் ஒன்றே. கருத்தரங்க வடிவமும் விரிந்த ஆய்விதழ் வடிவமும் இரண்டு. உள்ளடக்கம் கணிசமாக மாறியிருந்தால் மட்டும்.

மறுபதிப்பு இன்னொரு பொறி. சி. ஆர். ராவ் 1945-இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் புள்ளியியலின் கிராமர்-ராவ் எல்லை வந்தது. அது 1992-இல் ஒரு தொகுப்பு நூலில் மறுபடி அச்சானது. பழைய இதழ் கிடைக்காதவர்கள் தொகுப்பு நூலைச் சுட்டுவார்கள். இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு இரு பதிவின் எண்ணையும் கூட்டி ஒரே வரியில் வையுங்கள்.

வகையைக் கட்டாயம் குறியுங்கள். ரிவ்யூ கட்டுரைகள் (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசுபவை) பொதுவாக ஆய்வுக் கட்டுரைகளைவிடக் கூடுதலாக மேற்கோள் பெறும். தலையங்கமும் பிழைதிருத்தமும் அநேகமாகப் பெறவே பெறாது. மூன்றையும் கலந்து சராசரி எடுத்தால் ஒன்றுக்கும் உதவாது. கடைசியாக, முழுப் பட்டியலையும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவோடு ஒப்பிடுங்கள். 2023-இல் டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. இணையாசிரியர் செய்த தவறுக்காகத் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இன்னும் உங்கள் பட்டியலில் இருப்பதைக் குழு கண்டுபிடிப்பதைவிட நீங்களே குறித்துவிடுவது மேல்.

எண்ணுதல்

எச்-இன்டெக்சை 2005-இல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒன்பது கட்டுரைகளின் மேற்கோள்கள் இறங்கு வரிசையில் இப்படி இருக்கட்டும்: 48, 31, 17, 12, 9, 6, 5, 2, 0. ஆறாவது கட்டுரைக்கு 6 இருக்கிறது. ஏழாவதற்கு 7 வேண்டும், 5-தான் இருக்கிறது. ஆகவே எச் 6. பத்தும் அதற்கு மேலும் பெற்றவை நான்கு. ஐ10 என்பது 4. மொத்தம் 130, சராசரி 14.4, வரிசையின் நடுவில் நிற்கும் நடு எண் 9. முதல் கட்டுரை 48-க்குப் பதில் 4,800 மேற்கோள் பெற்றிருந்தாலும் எச் அதே 6-தான் என்பதைக் கவனியுங்கள். மைல்கல் கட்டுரை ஒன்றும் சுமாரானவை ஐந்தும் எழுதியவரும் சுமாரான கட்டுரை ஆறு எழுதியவரும் இதில் ஒன்றாகிவிடுகிறார்கள். பட்டியல் திருத்தப்பட்டாலொழிய எச் குறையாது என்பதால் வயதும் அதில் கலந்திருக்கிறது. ஆய்வு தொடங்கி எட்டு ஆண்டான ஒருவரையும் முப்பது ஆண்டானவரையும் எச்சால் ஒப்பிடுவது அநியாயம்.

சுய மேற்கோளை நீக்கிய எண்ணையும் அருகில் எழுதுங்கள். ஸ்கோப்பசில் சுய மேற்கோளை விலக்கிக் காட்டும் தேர்வு உண்டு; இணையாசிரியர்களின் மேற்கோளையும் விலக்குவது இன்னும் கண்டிப்பான முறை, எது என்று சொல்லிவிடுங்கள். தொடர்ச்சியான ஆய்வில் முந்தைய கட்டுரையைச் சுட்டாமல் முடியாது. அதிகம் மேற்கோள் பெற்ற ஆய்வாளர்களை வைத்து 2019-இல் வெளிவந்த கணக்கில் சுய மேற்கோளின் நடு அளவு 12.7 சதவீதம். அதைச் சுற்றி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் போனால் கேள்வி வரும், வரத்தான் வேண்டும்.

துறைக்குத் துறை

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். மூலக்கூறு உயிரியலில் ஒரு கட்டுரையின் மேற்கோள் இரண்டு மூன்று ஆண்டில் உச்சம் தொடும், பட்டியலும் நீளம். கணிதத்தில் பட்டியல் சிறிது, பத்தாண்டு கழித்தும் மேற்கோள் வந்துகொண்டிருக்கும். கணினி அறிவியலில் முதன்மை வெளியீடே கருத்தரங்கக் கட்டுரை. வரலாற்றில் நூல். இவர்களையெல்லாம் ஒரே எச் வரிசையில் நிறுத்தினால் கணிதக்காரர் எப்போதும் கடைசி.

இதைச் சரிக்கட்டத்தான் துறைச் சீராக்கிய அளவு. ஸ்கோப்பஸ் கணக்கில் ஒரு கட்டுரை வெளியான ஆண்டிலும் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் பெற்ற மேற்கோளை, அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகள் பெற்ற சராசரியால் வகுக்கிறார்கள். 1.00 என்றால் உலகச் சராசரி. ஒரு கணிதக் கட்டுரைக்கு 6 மேற்கோள், எதிர்பார்ப்பு 4 என்றால் 1.5. ஓர் உயிரியல் கட்டுரைக்கு 24 மேற்கோள், எதிர்பார்ப்பு 30 என்றால் 0.8. எண்ணிக்கையில் நான்கு மடங்கு பின்னால் நிற்கும் கணிதக் கட்டுரைதான் தன் துறையில் முன்னால் நிற்கிறது.

ஆனால் இந்த அளவையும் கண்மூடி நம்பாதீர்கள். பத்துக் கட்டுரைகளில் ஒன்பதுக்குத் தலா 0.6, ஒன்றுக்கு மட்டும் 24 என்று வையுங்கள். பெரிய கூட்டுக் கட்டுரையில் நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவராக இருந்தால் இப்படி வரும். சராசரி 2.94. நடு எண் 0.6. ஆள் உலகச் சராசரியைப்போல் மூன்று மடங்கா, பாதியைக் கொஞ்சம் தாண்டியவரா? நடு எண்ணையும், 'துறையின் முதல் 10 சதவீதத்தில் எத்தனை கட்டுரை' என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் இந்த ஏமாற்று நிற்கும். ஓபன்அலெக்சில் ஒவ்வொரு கட்டுரைக்கும் சீராக்கிய அளவும் சதமான இடமும் இலவசமாகவே கிடைக்கின்றன.

கருவியே இல்லையென்றால் கையால் செய்யலாம். கட்டுரை வந்த அதே ஆண்டில், அதே துணைத்துறையின் மூன்று நல்ல இதழ்களில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' வழியாக இறக்கி மேற்கோள்படி வரிசைப்படுத்துங்கள். 140 கட்டுரைகளில் 21-ஆம் இடம் என்றால் முதல் 15 சதவீதம். துணைத்துறை ரொம்ப முக்கியம்: 'இயற்பியல்' என்று பொதுவாக எடுத்தால் துகள் இயற்பியலும் ஒளியியலும் ஒன்றாகிவிடும். இணையத்தில் 2021 நவம்பரில் வந்து 2022 இதழில் அச்சான கட்டுரைக்குத் தளத்துக்குத் தளம் ஆண்டு மாறும், ஒப்பீட்டுக் கூட்டமும் மாறும், அதையும் பாருங்கள்.

ஆசிரியர் வரிசையின் பொருளும் துறைக்குத் துறை வேறு. உயிர் மருத்துவத்தில் முதல் பெயர் வேலை செய்தவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். கணிதத்திலும் பொருளியலிலும் துகள் இயற்பியலிலும் அகர வரிசை. 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 'முதல் ஆசிரியராக எத்தனை?' என்ற கேள்வியை அகர வரிசைத் துறைக்காரரிடம் கேட்டால் அவர் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்றுதான் தெரியவரும்.

அதிகம் மேற்கோள் பெற்ற விஞ்ஞானிகளின் பட்டியலாக, 'ஸ்டான்போர்டு 2 சதவீதப் பட்டியல்' என்று செய்தித்தாளில் வருவதையும் இந்தக் கண்ணால் பாருங்கள். ஸ்டான்போர்டு பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழுவினர் ஸ்கோப்பஸ் தரவை வைத்து ஆறு அளவுகளைக் கூட்டித் தருவது அது: மொத்த மேற்கோள், எச், இணையாசிரியர்களுக்குப் பங்கிட்ட எச், பிறகு தனி ஆசிரியர், தனி அல்லது முதல், தனி அல்லது முதல் அல்லது கடைசி ஆசிரியராகப் பெற்ற மேற்கோள்கள். 22 துறைகள், 174 துணைத்துறைகள். வாழ்நாள் பட்டியல் ஒன்று, ஓராண்டுப் பட்டியல் ஒன்று என இரண்டு உண்டு; பாராட்டுப் பலகையில் எது என்று பெரும்பாலும் எழுதுவதில்லை. எக்செல் கோப்பாகவே கிடைக்கிறது, இறக்கி அந்த வரியைப் பாருங்கள், சுய மேற்கோள் சதவீதமும் அதிலேயே இருக்கிறது.

மேற்கோளில் சிக்காத தாக்கமும் உண்டு. ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். புரத அமைப்பைத் தீர்க்கும் ஆய்வகங்கள் இன்றும் தங்கள் மாதிரியை அதை வைத்துச் சரிபார்க்கின்றன. வரைபடத்தின் பெயரை எழுதுவார்கள். மூலக் கட்டுரையைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். பெயர் பாடநூலுக்குள் போய்விட்டால் மேற்கோள் நின்றுவிடும். இப்படியொன்று இருந்தால் அந்தப் பெயரைத் தேடுசொல்லாகப் போட்டு எத்தனை கட்டுரைகளில் வருகிறது என்பதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்கு

ஸ்கோப்பசில் பூஜ்யம் காட்டும் தமிழ்ப் பேராசிரியர் ஒன்றுமே எழுதாதவர் அல்ல. முதல் தடை எழுத்துரு. பழைய பாமினி, டாம் வகை எழுத்துருக்களில் அச்சான பிடிஎஃப்பில் கண்ணுக்குத் தமிழ் தெரியும், கணினிக்கு வெறும் ரோமன் எழுத்துக் குவியல்தான். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யூனிகோடு. இல்லையென்றால் எந்தத் தேடுபொறியும் அதைப் படிக்காது. யூனிகோடுக்கு மாற்றி, ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் சேர்த்து, நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். இரண்டாவது தடை அடிக்குறிப்பு. 'மேலது, ப. 43' என்பதைக் கணினி மேற்கோளாக எண்ணாது. கட்டுரை முடிவில் முழுத் துணைநூற்பட்டியல் வேண்டும்.

நூல்களுக்கு மேற்கோளைக் கையால்தான் திரட்ட வேண்டும். ஐராவதம் மகாதேவனின் தமிழ்-பிராமிக் கல்வெட்டு நூலுக்கு 2003 பதிப்பும் செம்மொழி நிறுவனத்தின் 2014 திருத்திய பதிப்பும் இருக்கின்றன. இரண்டையும் தேடிக் கூட்டாவிட்டால் பாதிதான் வரும். கூகுள் புக்ஸில் தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகளையும் பாருங்கள்.

கோப்பில் எழுதும்போது

பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் 2018 விதிமுறைப்படி மதிப்பெண் கேட்டால் மேற்கோள் அதில் வராது, கட்டுரைக்குத்தான் புள்ளி. அறிவியல், பொறியியலுக்குக் கட்டுரைக்கு 8. மொழி, கலை, சமூக அறிவியல், வணிகவியலுக்கு 10. இரண்டு ஆசிரியர் என்றால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 8-இல் 5.6. மூன்றும் அதற்கு மேலும் என்றால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்குத் தலா 30 சதவீதம், அதாவது 2.4. ஏற்கத்தக்க இதழ்களின் யூஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதற்கு முன் வெளிவந்தவற்றுக்கு அந்தக் காலத்தில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

மேற்கோள் வரியை இந்த மாதிரியில் எழுதலாம்: "ஸ்கோப்பஸ், 3 மார்ச் நிலவரம்: 34 வெளியீடுகள் (3 ரிவ்யூ), 612 மேற்கோள்கள், சுய மேற்கோள் நீங்கலாக 541, எச் 13, துறையின் முதல் 10 சதவீதத்தில் 5 கட்டுரைகள், முதல் ஆய்வுக் கட்டுரை 2011." இதழின் இம்பேக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி 'மொத்த இம்பேக்ட் ஃபேக்டர் 87' என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அது இதழின் இரண்டாண்டு மேற்கோள் சராசரி, கட்டுரையின் மதிப்பெண் அல்ல. அந்த வரியை அடித்துவிடுங்கள். நேர்காணலில் யாராவது கூகுள் எண்ணைக் கேட்டால் அதே எக்செலில் அதுவும் அதே தேதியோடு இருக்கும். அடுத்த விண்ணப்பத்துக்குப் பழைய தாளை அழித்து எழுதாமல், புதிய தேதியிட்ட தாளாகச் சேருங்கள். ஏதாவது ஒரு தளத்தில் எண் திடீரெனக் குறைந்தால், எந்தக் கட்டுரை கழன்றது, எந்த ஐடி பிரிந்தது என்பதைப் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பார்க்க முடியும்.